பச்சை எண்கள்

வண்டி ரேடியோவின் டிஸ்ப்ளே மங்கிக்கொண்டு வருகிறது என்று பீம்ராவுக்கு முதலில் தோன்றியது ஒரு மார்கழி மாதத்தில். விடிவதற்கு முன்பே வண்டியை எடுத்தாக வேண்டிய வேலை அவனுக்கு. வியாசர்பாடியில் ஆரம்பித்து மூலக்கொத்தளம், கல்மண்டபம் என்று வழிநெடுகக் காத்திருக்கும் பெண்களை சுமோவில் ஏற்றிக்கொண்டு, திருவொற்றியூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தையல் கம்பெனி வாசலில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அதே பெண்களைத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். வண்டி கிருஷ்ணப்பன் என்பவருடையது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஆபீஸ் வைத்துக்கொண்டு, இந்த மாதிரிச் சில வண்டிகளைக் கம்பெனிகளுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

ரேடியோ மட்டும் பீம்ராவின் சொந்தம். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி, தானே மாட்டியது. எஃப்.எம். ஸ்டேஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த சமயம் அது. பின்சீட்டுப் பெண்களில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப்பேர் பாட்டு கேட்பார்கள். குமிழைத் திருகினால் கறுப்புக் கண்ணாடியில் பச்சை எண்கள் ஓடும். இருட்டில் அந்தப் பச்சையைப் பார்ப்பது அவனுக்குப் பிடிக்கும்.

அந்தப் பச்சைதான் மங்கியது. முதலில் பனி என்று நினைத்தான். துணியால் துடைத்தான். அப்புறம் தூசி உள்ளே போயிருக்கும் என்று நினைத்தான். பொங்கலுக்குள் எண்ணே தெரியாமல், பழக்கத்தில் குமிழைத் திருகிப் பாட்டைப் பிடிக்க ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி வீட்டடியிலேயே நிற்கும். சொந்த வேலைக்கு எடுத்தாலும் கிருஷ்ணப்பன் ஒன்றும் சொல்லமாட்டார். அப்படி ஒரு ஞாயிறு, பீம்ராவும் அவன் மனைவி எழில்மொழியும் புளியந்தோப்பில் பீம்ராவின் அண்ணன் லட்சுமணன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். லட்சுமணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஐம்பது வயதை எட்டும் முன்பே இரண்டு கண்ணும் போய்விட்டது. குடித்துக் குடித்துக் கெடுத்துக்கொண்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார். கட்டில் காலிலிருந்து கக்கூஸ் கதவு வரைக்கும் ஒரு நைலான் கயிறு கட்டிவைத்திருந்தார்கள். அன்று அவர்கள் உட்கார்ந்திருந்தபோதே லட்சுமணன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். நடுவில் கழற்றிப் போட்டிருந்த எழில்மொழியின் செருப்பு காலில் தட்டி நின்றார். அவள் ஓடிப்போய் செருப்பை எடுத்தாள்.

பேசின் பிரிட்ஜ் ஏறுவதற்கு முன் சிக்னலில் வண்டி நின்றது. இருட்டிக்கொண்டு வந்தது. பீம்ராவ் ரேடியோவைப் போட்டான்.

"எழிலு, இத்த பாரேன். எப்டி மங்கிப் போச்சு பாரு. நம்பரே தெர்ல."

அவள் குனிந்து பார்த்தாள். பச்சை எண்கள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் சின்னதாக ஒரு கோபுரம் மாதிரி இருந்த அடையாளம்கூடத் தெரிந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தான், பழுதான பொருளைப் பார்க்கிற கோபத்தோடு. அதில் துளி சந்தேகம் இல்லை.

"மங்கித்தான கீது?"

"ஆமாங்க," என்றாள். "லேசா."

"லேசாவா? சுத்தமா போச்சு. கஸ்பார் கைல குடுத்து பாக்கணும்."

சிக்னல் விழுந்தது. வண்டி பாலம் ஏறியது. எழில்மொழி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில மாதங்களாக அவன் வாசல்படிப் பக்கத்துக் குடத்தை அடிக்கடி இடித்துக்கொண்டிருந்ததும், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டதும், போன மாதம் ஒரு டிரெய்லர் லாரியில் இடதுபக்கக் கண்ணாடியை உரசி உடைத்ததும் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. எதையும் அவள் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தாள். மகள் மகிழினி பாலிடெக்னிக் இரண்டாம் வருஷப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அது முடியட்டும் என்றும் நினைத்தாள்.

அடுத்த ஞாயிறு பீம்ராவ் ஹவுசிங் போர்டு பிளாக்குக்குக் கீழே வண்டியை நிறுத்தி, ரேடியோவைக் கழற்ற உட்கார்ந்தான். சுற்றிலும் இருந்த பிளாஸ்டிக் சட்டத்தை நகத்தால் நெம்பி எடுத்தான். செட்டோடு வந்த இரண்டு மெல்லிய தகடுகளை இரண்டு ஓரத்திலும் சொருகினான். உள்ளே கொக்கி விடுபடும் சத்தம் கேட்டது. இழுத்ததும் செட்டு பாதி வெளியே வந்தது, பின்னால் கலர் கலராக ஒயர்கள். ஒயர் கனெக்டரைப் பிடுங்கினான், ஏரியல் பின்னை உருவினான். டேஷ்போர்டில் ஒரு சதுர ஓட்டை மிஞ்சியது.

எழில்மொழி டீ கொண்டுவந்தாள். அவன் ஒரு தகட்டைக் கீழே போட்டுவிட்டு, காலடியில் விரித்திருந்த ரப்பர் பாயில் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தான். தகடு அவன் இடது முட்டிக்குப் பக்கத்தில், வெயிலில் மினுக்கிக்கொண்டு கிடந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"எங்க கெடந்துச்சு?"

"சீட்டுக்கு அடில," என்றாள்.

கல்மண்டபத்தில் கஸ்பாருக்கு ஒரு கார் ஆடியோ கடை இருந்தது. கடை என்றால், ஷட்டருக்குள் ஒரு மேஜை, ஒரு பழைய பேட்டரி, சுவரில் மின்விளக்கு மாலை போட்ட மாதா படம். கஸ்பாரும் பீம்ராவும் மீசை முளைக்காத வயதில் ஒரே லாரி செட்டில் கிளீனராக இருந்தவர்கள்.

"இன்னா மாமு, செட்ட கையோட புடுங்கினு வந்துட்ட?"

"டிஸ்ப்ளே அவுட்டுடா. நம்பர் தெர்ல."

கஸ்பார் செட்டை பேட்டரியில் இணைத்தான். எண்கள் எரிந்தன. சாய்த்தும் நிமிர்த்தும் பார்த்தான்.

"நல்லாத்தான கீது."

"இத்த போயி நல்லாங்குற. மின்ன எப்டி எரிஞ்சுதுன்னு நான் பாத்துகினு இருந்தவன். எம் பொண்டாட்டி கூட மங்கலா கீதுன்னா."

கஸ்பார் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். வண்டிக்காரன் தினமும் பார்க்கிற பொருள். அவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். வீட்டுக்காரியும் சொல்கிறாள். ஹெட்லைட் போட்டால் டிஸ்ப்ளே தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதற்கு என்று செட்டில் ஒரு ஒயர் வரும். அதுதான் எங்கேயோ தவறாக உரசிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, அந்த ஒயரை வெட்டி டேப் சுற்றினான். உள்ளே திறந்து தூசியை ஊதி, இரண்டு இடத்தில் ஈயப்பற்று வைத்தான். பீம்ராவ் செட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் மாட்டினான்.

ஒன்றும் மாறவில்லை.

மறுபடி கழற்றிக்கொண்டு வந்தான். கஸ்பார் இந்தத் தடவை ரிச்சி தெருவுக்குப் போய், டிஸ்ப்ளேவுக்குப் பின்னால் எரிகிற குட்டி பல்புகளைப் புதிதாக வாங்கிவந்து மாற்றினான். தானே வந்து வண்டியில் மாட்டிக்கொடுத்தான். மத்தியானம். கடைக்கு எதிரே, மரநிழலில் வண்டி நின்றிருந்தது. டிரைவர் சீட்டில் இருந்த பீம்ராவ் சாவியைத் திருப்பியதும் பச்சை அப்படியே பொங்கியது.

"பாரு மாமு. கண்ணு கூசுது."

பீம்ராவ் பார்த்தான். முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். திரும்பி நிமிர்ந்தபோது அவன் முகம் வேறு மாதிரி இருந்தது.

"இன்னாடா மாத்துன நீ?"

"பல்பு. உன் கண்ணு மின்னாடிதான மாத்துனேன்."

"பழசவே போட்டு ஏமாத்துறியா? இல்ல, நல்லா இருந்தத எடுத்து வேற எவனுக்காவது போட்டுட்டியா?"

கடையில் ஸ்பீக்கருக்காகக் காத்திருந்த ஒரு ஆள் திரும்பிப் பார்த்தார். கஸ்பாருக்குக் கோபம் வந்தது. ஆனால் பீம்ராவை அவனுக்குத் தெரியும். ஒரு டீக்குக்கூட சண்டை போடாதவன். கஸ்பார் டிரைவர் பக்கத்துக் கதவில் கையை ஊன்றினான். அப்புறம் கையை உள்ளே விட்டுக் குமிழைத் திருகினான்.

"இப்ப இன்னா நம்பர் கீது?"

"தெர்லன்னுதான சொல்றேன்."

"சும்மா படியேன், மாமு."

"தொண்ணூத்தி ஆறு."

கஸ்பார் பார்த்தான். தொண்ணூற்று மூன்று. மறுபடி திருகினான்.

"இப்ப?"

பீம்ராவ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். கஸ்பார் தன் இடது கையை மெதுவாக ஜன்னல் பக்கமாக, பீம்ராவின் காதுக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து இரண்டு விரலை நீட்டினான்.

"எத்தினி வெரலு?"

"எந்த வெரலு?" என்று கேட்டான் பீம்ராவ்.

ஸ்பீக்கர்காரர் உள்ளே திரும்பிக்கொண்டார். கஸ்பார் கையை இறக்கி, சாவியைத் திருப்பி ரேடியோவை அணைத்தான்.

"செட்டுல ஒண்ணும் இல்ல, மாமு," என்றான். "வா, டீ சாப்டலாம்."

பீம்ராவ் டீ சாப்பிடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைய சாயங்கால நடையையும் முடித்தான், எல்லோரையும் இறக்கிவிட்டான். வீட்டுக்கு வந்தபோது எழில்மொழி தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு கேண்டீனில் அவளுக்குச் சமையல் வேலை. அப்போதுதான் வந்திருந்தாள். மகிழினி டியூஷனுக்குப் போயிருந்தாள்.

"அன்னிக்கு சிக்னல்ல பாத்தியே. நம்பர் தெரிஞ்சுதா, தெரிலயா?"

அவள் மடித்த துணியைத் தொடையில் வைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுது."

"நல்லா தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் மங்கலா கீதுன்ன?"

"அண்ணன் வூட்லேந்து வந்துகினு இருந்தோம்," என்றாள் அவள்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போன பீம்ராவ், மாட்டாமல் மறுபடி போட்டுக்கொண்டான். கீழே இறங்கிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். மகிழினி திரும்பி வந்தபோது, அப்பா ஏன் இருட்டில் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மாவிடம் கேட்டாள். காற்றுக்காக என்றாள் எழில்மொழி.

எழும்பூர் சர்க்கார் கண் ஆஸ்பத்திரியில் காலையில் வரிசையில் நின்றால் மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். ஒரு மெஷினில் முகத்தைப் பதித்து, நடுப்புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். சுற்றிலும் அங்கங்கே வெளிச்சப் புள்ளி தோன்றும், தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். எழில்மொழி பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மெஷினை இயக்கிய பெண் "பாத்துக்கிட்டே இருங்க, பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பொத்தான் சத்தம் எப்போதாவதுதான் கேட்டது.

டாக்டர் அம்மா சின்ன வயசுக்காரர். காகிதத்தில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு வட்டம் வந்திருந்தது. ஒன்று முக்கால்வாசிக்கு மேல் கறுப்பு. இன்னொன்றில் நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை.

"கண்ணுக்குள்ள அழுத்தம் அதிகமாகி நரம்பு கெட்டுப்போயிருக்கு. வலது கண்ணுல பெரும்பாலும் போயிடுச்சு. இடது கண்ணுல நடுப்பார்வை இருக்கு, அதுவும் மங்கல்தான். ஓரத்துல வர்றது எதுவும் தெரியாது."

"ஆபரேஷன் பண்ணா வந்துருமாங்க?" என்றாள் எழில்மொழி.

"போனது வராதும்மா. இருக்கிறத எவ்வளவு நாள் வெச்சுக்க முடியும்னு பாக்கலாம். சொட்டு மருந்து தர்றேன். கண்டிப்பா விடணும்." டாக்டர் பீம்ராவின் பக்கம் திரும்பினார். "வீட்ல வேற யாருக்காவது பார்வை போயிருக்கா?"

"அண்ணனுக்குங்க. ஆனா அது குடிச்சு…"

"குடிச்சு இந்த மாதிரி போகாது. அண்ணனுக்கும் இதுவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரத்த சம்பந்தத்துல வரும். குழந்தைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு."

"கூட்டிட்டு வாங்க. பாத்துரலாம்."

பீம்ராவ் எழுந்திருக்கவில்லை. "நான் டிரைவருங்க," என்றான்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "இனிமே ஓட்டக் கூடாது. உங்களுக்கே ஆபத்து, ரோட்ல போறவங்களுக்கும் ஆபத்து. புரியுதா?"

அவன் தலையாட்டினான்.

மகிழினியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருஷம் தவறாமல் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பெண் பஸ்ஸில் வரும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடைப் பலகைகளைப் படித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் மற்றக் கண்ணை மூடிக்கொண்டு படித்தாள். எழில்மொழி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

பீம்ராவ் வண்டி ஓட்டுவதை நிறுத்தவில்லை.

"நேரா பாத்தா தெரியுது," என்றான். "ரோடு நேராதான கீது. எத்தினி வருசமா போற ரோடு. கண்ண கட்டிகினு கூட போவேன்."

"டாக்டர் இன்னா சொன்னாங்க?"

"டாக்டருங்க அப்டித்தான் சொல்வாங்க. சொல்லலன்னா அவங்க மேல பழி வரும்."

"பின்னாடி உக்காந்துகினு வர்றவங்களுக்கு தெரியுமா?"

"இப்ப இன்னாதான் பண்ணணும்ங்குற? வண்டிய உட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?"

எழில்மொழி சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டாள். கெஞ்சினாள். ஒரு நாள் சாவியை அரிசி டிரம்மில் ஒளித்துவைத்தாள். அவன் சத்தம் போடாமல், எல்லா இடத்தையும் கையால் தடவித் தடவித் தேடி எடுத்துக்கொண்டு போனான். அவன் தேடியதைப் பார்த்தபிறகு அவள் சாவியை ஒளிக்கவில்லை. கஸ்பார் ஒரு தடவை வீட்டுக்கு வந்தான். இரண்டு பேரும் கீழே நின்று பேசினார்கள். கஸ்பார் மேலே வராமலே போய்விட்டான்.

பங்குனிக் கடைசியில் ஒரு சாயங்காலம், அடுத்த பிளாக்கில் இருந்த குணசுந்தரி எழில்மொழியைத் தேடி வந்தாள். அவளும் அந்த வண்டியில் போகிறவள்தான், தையல் கம்பெனியில் காஜா எடுக்கிறவள்.

"எக்கா, அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஏன்?"

"காத்தால எண்ணூர் ரோட்ல லெப்ட்ல ஒரு ஆளு சைக்கிள்ல வந்துகினு இருந்தாரு. நான் மின் சீட்டு, எனக்கு நல்லா தெர்து. அண்ணன் அப்டியே அந்தாள் மேல ஏத்துற மாதிரி போச்சு. நாங்க எல்லாம் கத்துனோம். அந்தாளு சைக்கிளோட மண்ணுல சாஞ்சிட்டாரு. அடி ஒண்ணும் இல்ல, எந்திரிச்சி திட்டிகினே போனாரு." குணசுந்தரி குரலைத் தணித்துக்கொண்டாள். "அண்ணன் வண்டிய நிறுத்திட்டு, 'இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு'ன்னு எங்களையே கேக்குது. அதான் எனக்கு ஒரு மாதிரியா பூட்ச்சி."

எழில்மொழி அவளை உட்காரச் சொல்லவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அன்று பீம்ராவ் சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேசுவானா என்று காத்திருந்தாள். அவன் குழம்பு நன்றாக இருக்கிறது என்றான். மகிழினியிடம் பரீட்சை பற்றிக் கேட்டான். சைக்கிள்காரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் அவள் கேண்டீனுக்குப் போகாமல் சாத்தாங்காட்டில் இறங்கினாள். இரும்பு மார்க்கெட்டில் லாரிகளிலிருந்து தகடுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்; ஒவ்வொரு தகடு விழும்போதும் தரை அதிர்ந்தது. கிருஷ்ணப்பன் ஆபீஸில் தனியாக இருந்தார். அவளை அடையாளம் தெரிந்து உட்காரச் சொன்னார்.

"என்னம்மா, பீமுக்கு லீவு வேணுமா?"

"இல்லீங்க. அவருக்கு வண்டி குடுக்காதீங்க."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். நேற்றுக் காலையில் நடந்ததையும் சொன்னாள். வெளியே ஒரு தகடு விழுந்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை நிறுத்திவிட்டு மீதியைச் சொன்னாள்.

கிருஷ்ணப்பன் கெட்ட மனிதர் இல்லை. கறுப்பு வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி நிறையப் பொம்பளைங்க போறாங்கம்மா," என்றார் கடைசியில். "எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?"

"தை மாசத்துலேந்து."

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"அவருக்கு வேற எதுனா வேல… இங்க, மார்க்கெட்ல…"

"கண்ணு தெரியாதவருக்கு இரும்பு மார்க்கெட்ல என்ன வேலை குடுக்கறதும்மா? கையோ காலோ போயிடும். பாக்கலாம். ஏதாவது இருந்தா சொல்லியனுப்பறேன்."

சொல்லியனுப்ப மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தாள்.

வேறு டிரைவர் கிடைக்கச் சாயங்காலமாகிவிட்டது. பீம்ராவ் பெண்களை இறக்கிவிட்டு வண்டியை ஆபீஸுக்குக் கொண்டுவரும்படி கிருஷ்ணப்பன் ஆள் விட்டிருந்தார். அங்கே புது டிரைவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கிருஷ்ணப்பன் தன்மையாகவே பேசினார். சாவியை வாங்கிக்கொண்டார்.

"யாரு சொன்னாங்க ஒங்களுக்கு? குணசுந்தரியா?"

"உன் வீட்டம்மாதான்யா. காலைல வந்திருந்தாங்க."

பீம்ராவ் வண்டிப் பக்கம் திரும்பினான்.

"செட்டு உன்னுதுதானே, கழட்டிக்கோ," என்றார் கிருஷ்ணப்பன்.

பீம்ராவ் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சட்டத்தை நெம்பி எடுத்தான். டேஷ்போர்டு அறைக்குள் கைவிட்டுத் தகடுகளை எடுத்து இரண்டு ஓரத்திலும் சொருகினான். டேஷ்போர்டுப் பக்கம் குனியவும் இல்லை. விரல்கள் தாமாகப் போய்வந்தன. புது டிரைவர் ஜன்னலுக்கு வெளியே நின்று, "டார்ச் அடிக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டார். வேண்டாம் என்றான். செட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கி, மார்க்கெட் வாசல் வரைக்கும் நடந்து போனான். அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துக் கல்மண்டபத்தில் இறங்கி, கஸ்பார் மேஜைமேல் அதை வைத்தான்.

"எவனாவது கேட்டா குடுத்துடு."

"இருக்கட்டும் மாமு. நானே வெச்சுக்கறேன். எப்ப வேணா எடுத்துக்கோ."

"எதுக்கு?" என்றான் பீம்ராவ்.

கஸ்பார் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். பீம்ராவ் வேண்டாம் என்று சொல்லவில்லை. வியாசர்பாடியில் பிளாக் வாசலில் பீம்ராவ் கஸ்பாரின் தோளில் கையை ஊன்றி இறங்கினான். இருட்டாக இருந்தது, படி எங்கே என்று காலால் தேடிக்கொண்டான்.

எழில்மொழி வாசலிலேயே நின்றிருந்தாள். திட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துவைத்திருந்தாள், இத்தனை வருஷத்தில் அவன் ஒரு தடவையும் கை நீட்டியதில்லை என்றாலும். அவன் அவளைத் தாண்டி உள்ளே போனான். பாயை எடுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டான்.

"சாப்டுங்க," என்றாள்.

அவன் திரும்பிப் படுத்தான்.

"எவனாவது செத்திருந்தா? குணசுந்தரிக்கு எதுனா ஆயிருந்தா? நான் இன்னாங்க பண்றது, சொல்லுங்க."

அவன் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை. மகிழினியோடு பேசினான். கஸ்பார் வந்தால் அவனோடு பேசினான். எழில்மொழியிடம் மட்டும் பேச்சு நின்றுபோனது. வேண்டியதை மகளிடம் சொல்வான். மகள் இல்லாத நேரத்தில் பொதுவாகச் சுவரைப் பார்த்து, "தண்ணி," என்பான்.

வெயில் காலம் முழுக்க அப்படிப் போனது. எழில்மொழி கேண்டீனில் ராத்திரிச் சமையலையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். மகிழினி படிப்பை விட்டுவிட்டு அதே தையல் கம்பெனிக்குப் போகிறேன் என்று சொல்லி, எழில்மொழியிடம் ஒரே ஒரு தடவை அடி வாங்கினாள். பீம்ராவ் வீட்டிலேயே இருந்தான். ஒரு தடவை கஸ்பார் கடையில் உட்கார்ந்து ஸ்பீக்கர் பெட்டிக்கு ரெக்சின் ஒட்டிப் பார்த்தான். ஓரம் ஓரமாக மடங்கிப் போனது. கஸ்பார் நன்றாக இருக்கிறது என்றான். பீம்ராவ் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து போகவில்லை. லட்சுமணனிடம், உனக்குக் கண் போனது குடியால் இல்லை என்று போய்ச் சொல்ல வேண்டும் என்று எழில்மொழி நினைத்துக்கொண்டே இருந்தாள். இனிமேல் அதைச் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

சொட்டு மருந்து விடுகிற நேரம் மட்டும் மாறவில்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்தபிறகு ஒரு தடவை, அவள் புட்டியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் மண்டி போடுவாள். அவன் முகத்தை நிமிர்த்திக் கொடுப்பான். அவள் கீழ் இமையை விரலால் இழுத்து ஒரு சொட்டு விடுவாள். மருந்து எரியும். அவன் கண்ணை மூடிக்கொள்ளும்போது ஓரத்தில் வழிகிறதை அவள் முந்தானையால் ஒற்றி எடுப்பாள். அவன் அதைத் தடுக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆடி மாதம் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். எழில்மொழி கேண்டீனில் அரைநாள் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள். அவன் உதறவில்லை, கொஞ்ச தூரம் போனதும், வேட்டியைச் சரிசெய்கிற மாதிரிக் கையை விடுவித்துக்கொண்டான். அவள் அரை அடி பின்னாலேயே வந்தாள். வழியில் ஒரு மாடு படுத்திருந்தது. அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே நின்று, வாசனையை வைத்தோ எதை வைத்தோ விலகிப் போனான்.

ஸ்டாப்பில் கூட்டம். ஒரு பஸ் வந்து நின்றது. அவளுக்குப் பலகை தெளிவாகத் தெரிந்தது.

"எழும்பூர் போறதுதாங்க. ஏறுங்க," என்றாள்.

பீம்ராவ் நகரவில்லை. தன் பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்றிருந்த ஒரு பெரியவர் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"சார், இது எங்க போற பஸ்ஸு?"

பெரியவர் அவனையும் எழில்மொழியையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பலகையைப் படித்தார்.

"எழும்பூர் போவுதுப்பா."

"தேங்க்ஸ் சார்," என்றான் பீம்ராவ். கம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டு ஏறினான். கண்டக்டர் விசில் கொடுப்பதற்குள் எழில்மொழியும் பின்படியில் ஏறிக்கொண்டாள்.